ஜிப்சியின் மூன்று ரப்பர்களும் பெயர்ப் பலகை இல்லாத பட்டறையும்

மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரி சாலை ஏறத் தொடங்குவதற்கு முன்னால், ஒரு பட்டறை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது, ரசீது கிடையாது, வந்தவர் உட்கார நாற்காலியும் கிடையாது. இன்ஜினின் இழுவையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்தனுப்பும் இரும்புப் பெட்டிக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று பெயர். என் மாருதி ஜிப்சியில் அதைத் தாங்கும் மூன்று ரப்பர் புஷ்களையும் (நடுவில் இரும்புக் குழல் வைத்த ரப்பர் தாங்கல்கள்) அங்கேதான் மாற்றினேன். வேலைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் கொடுப்பேன். மற்றதற்கெல்லாம் நாற்பதுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

வண்டி 2006 மாடல் ஜிப்சி கிங். 1298 சிசி பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர், துணிக் கூரை. பின் இருக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டதால் எங்கள் வீட்டில் அது பாதி சரக்கு வண்டி. கோத்தகிரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு. பறித்த கொழுந்தை மூட்டை கட்டி, தோட்டத்துக்குள்ளிருந்து தார்ச்சாலை வரைக்கும் ஏற்றிவருவதுதான் இதன் அன்றாடப் பிழைப்பு. நீலகிரியின் மேற்குப் பக்கம் ஆனி, ஆடியில் நனையும். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை வலுக்கும். அந்த மாதங்களில் எங்கள் மண்பாதையில் ஃபோர்-லோ, அதாவது நான்கு சக்கரங்களும் மெதுவாக, ஆனால் வலுவாக இழுக்கும் லோ கியர், போடாமல் பாரத்தோடு ஏறவே முடியாது. இந்த விவரத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது; புஷ் தேய்வது பெரும்பாலும் அந்த லோ கியரில்தான்.

வண்டியின் குறை இப்படித் தொடங்கியது. இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இருக்கைக்கு அடியில் ‘டொம்’ என்று ஒரு சத்தம். திரும்ப மிதித்தால் இன்னொரு ‘டொம்’. நாளாக ஆக, சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் தரைத் தகடு முழுக்க ஓர் அதிர்வு வர ஆரம்பித்தது. வேகம் கூடினால் அதிர்வின் சுருதியும் கூடும். கடைசியில், ஃபோர்-லோவில் ஏறும்போது டிரான்ஸ்ஃபர் லீவர் தானாகவே நியூட்ரலுக்கு நழுவியது. மூட்டைகளோடு செங்குத்தான வளைவில் வண்டிக்கு இழுவை அற்றுப்போனால் என்ன ஆகும் என்பதை மலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய பட்டறையில் காட்டினேன். ஆக்ஸில்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டையும், அவற்றின் முனை மூட்டுகளில் இருக்கும் ஜாயின்ட் கிராஸோடு மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னோர் இடத்தில் பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கரங்களைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார்கள். இரண்டு இடத்திலும் யாரும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கவில்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள், தொகையைச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஜிப்சி விற்பனை 2019-லேயே நின்றுவிட்டது. இனிமேல் இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன் என்ற அலுப்பு அவர்கள் பேச்சிலேயே இருந்தது.

மேட்டுப்பாளையத்துப் பட்டறைக்கு எங்கள் ஊர் ஜீப் ஓட்டுநர் ஒருவர் சொல்லித்தான் போனேன். மெக்கானிக்குக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். வனப் பாதைகளில் ஓடிய ஜிப்சிகளையும், ராணுவ ஏலத்தில் எடுத்து வந்த ஜிப்சிகளையும் பிரித்துக் கோத்த கை. குறையை நான் முழுவதும் சொல்லி முடிக்க அவர் விடவில்லை. “சத்தம் கேட்பது இரும்பும் இரும்பும் மோதுவது மாதிரியா, மரக்கட்டையில் அடிப்பது மாதிரியா?” என்று மட்டும் கேட்டார். மரக்கட்டை மாதிரி என்றேன். தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் குழியின்மேல் நிறுத்தச் சொன்னார்.

அந்தக் கேள்விக்குள் பாதி வைத்தியம் இருக்கிறது. ஜாயின்ட் கிராஸ் தேய்ந்திருந்தால் வண்டி நகரத் தொடங்கும் கணத்திலும் ரிவர்ஸ் போடும்போதும் ‘டிக்’ என்று உலர்ந்த சத்தமாக வரும். இன்ஜின் மவுண்டிங் போயிருந்தால் வண்டி நிற்கும்போதே தெரிந்துவிடும். ஐட்லிங்கில் குலுங்கும், சாவியைத் திருப்பி அணைக்கும்போது ஓர் உதறு உதறும். காலை எடுக்கும்போதும் வைக்கும்போதும் மட்டும் மொத்தையாக ஒரு சத்தம் வந்தால், பெரிய இரும்புப் பெட்டி ஒன்று தன் இடத்தில் நிற்காமல் புரள்கிறது என்று அர்த்தம்.

ஜிப்சியில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். மஹிந்திரா தாரில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸின் வாலிலேயே போல்ட் போட்டுச் சேர்த்திருக்கும். இரண்டும் ஒரே உடம்பு. ஜிப்சியில் அது தனிக்குடித்தனம். கியர்பாக்ஸிலிருந்து ஒரு குட்டி ஷாஃப்ட் பின்னால் வந்து டிரான்ஸ்ஃபர் கேஸைச் சுழற்றும். அங்கிருந்து முன் ஆக்ஸிலுக்கு ஒன்று, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று என இரண்டு ஷாஃப்டுகள் கிளம்பும். இடையில் தனியாக நிற்கும் இந்தப் பெட்டியைச் சேஸிஸோடு பிடித்துவைப்பவை மூன்று இரும்புக் கைகளும் அவற்றின் முனையில் இருக்கும் மூன்று ரப்பர் புஷ்களும் மட்டுமே. தன் இன்னொரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியான ஜிம்னியிலும் சுஸுகி இதே ஏற்பாட்டைத்தான் தொடர்ந்திருக்கிறது.

முதல் கியரின் விகிதம் 3.652. லோ ரேஞ்சின், அதாவது ஃபோர்-லோவின், விகிதம் 2.268. இரண்டையும் பெருக்கினால், இன்ஜின் தரும் முறுக்குவிசை எட்டு மடங்குக்கு மேலாகி டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வெளியே போகிறது. ஷாஃப்டை ஒரு திசையில் முறுக்கும் பெட்டி எதிர்த் திசையில் தானும் சுழலப் பார்க்கும். அதைச் சுழலவிடாமல் இழுத்துப் பிடிப்பது கைப்பிடிக்குள் அடங்கும் அந்த மூன்று ரப்பர்கள்தான். மழை நாளில் மூட்டைகளோடு என் பாதையில் ஏறும் ஒவ்வொரு முறையும் அவை அந்தச் சுமையை வாங்குகின்றன. ரப்பர் ஓய்ந்தால் பெட்டி ஒரு பக்கம் தாழும். பெட்டி தாழ்ந்தால் குட்டி ஷாஃப்டின் இரண்டு முனைக் கோணங்களும் ஒத்துப்போகாது. ஜாயின்ட் கிராஸ் உட்கார்ந்திருக்கும் மூட்டான யூ ஜாயின்ட் ஒரு கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சரிசெய்துவிடும். சமம் கெட்டால் அதிர்வாக நம் காலுக்கு வந்து சேரும். புரொப்பெல்லர் ஷாஃப்டை மாற்று என்றவர்கள் பார்த்தது இந்த அதிர்வைத்தான். புது ஷாஃப்டைப் போட்டிருந்தாலும் அது அதே கோணலில்தான் சுற்றியிருக்கும்.

சோதனை எளிமையானது. உதவிக்கு இருந்த பையனைப் பிரேக்கை அழுத்திக்கொள்ளச் சொல்லி, ஃபோர்-லோவில் முதல் கியரைப் போட்டுக் கிளட்சைக் கொஞ்சமாக விடச் சொன்னார். உடனே ரிவர்ஸிலும் அப்படியே. பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். டிரான்ஸ்ஃபர் கேஸ் விரல் பருமன் அளவுக்கு எழுந்து உட்கார்ந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கி, சிறு கடப்பாரையைப் பெட்டியின் இரும்புக் கைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கொடுத்து நெம்பினார். ஒரு புஷ்ஷில் ரப்பர் இரும்புக் குழலை விட்டு முழுதாகப் பிரிந்திருந்தது. ஆட்டுக்கல்லில் குழவி சுழல்வதுபோல உள்குழல் ரப்பருக்குள் சுழன்றது. இன்னொன்று எண்ணெயில் ஊறி உப்பியிருந்தது. மூன்றாவது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாற்றினால் மூன்றையும் மாற்று, இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போ என்பது அவருடைய கொள்கை. இரண்டு புதியவையும் ஒரு பழையதும் சேர்ந்தால் பெட்டி நேராக நிற்காது என்பதால் எனக்கும் அதில் மறுப்பில்லை.

எண்ணெயில் ஊறிய புஷ்ஷைக் காட்டி, “ரப்பரைக் கெடுத்தது பாரமில்லை சார், இந்த ஆயில் சீல்தான்” என்றார். டிரான்ஸ்ஃபர் கேஸின் முன்பக்க ஆயில் சீல் கசிந்து, கியர் ஆயில் நாள் முழுக்க ரப்பரின்மேல் சொட்டியிருக்கிறது. இயற்கை ரப்பருக்கும் கனிம எண்ணெய்க்கும் ஆகாது. உப்பி, மெத்தென்று ஆகி, இரும்பை விட்டுக் கழன்றுவிடும். சீலை மாற்றாமல் புஷ்ஷை மட்டும் மாற்றித் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். சீலின் விலை மிகக் குறைவு. இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் சில வருடங்களில் நான் மறுபடி அவரிடமே வந்திருப்பேன். அவருக்கு அது வரும்படி. சொன்னார் என்பதற்காகவே மதிப்பெண்ணைக் கூட்டினேன்.

அடுத்த கேள்வி சங்கடமானது. “தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுவீர்களா?” நான் ஓட்டுவதில்லை. என் தம்பி மகன் ஓட்டுவான். மழை என்றால் போட வேண்டும் என்பது அவனுடைய சட்டம். ஜிப்சியில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் டிஃப்ரென்ஷியல் இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். பிடிப்புள்ள தாரில் தீராமல் ஷாஃப்டுகளில் முறுக்காக ஏறி, டிரான்ஸ்ஃபர் கேஸையும் அதன் ரப்பரையும் பிழியும். கொண்டைஊசி வளைவுகள் நிறைந்த சாலையில் இதைச் செய்தால் எந்த ரப்பரும் தாங்காது. இப்போது தம்பி மகனுக்குச் சாவி கொடுப்பதில்லை.

இனி பொருளைப் பற்றி. அந்தப் பட்டறையில் உதிரிபாகம் இருப்பு வைப்பதில்லை. நாமே வாங்கிக் கொடுக்க வேண்டும். என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

மலிவானது சந்தைச் சரக்கு. சென்னை ஜி.பி. ரோட்டிலும் கோயம்புத்தூர்க் கடைகளிலும் பெயர் தெரியாத பிளாஸ்டிக் உறையில் கிடைக்கும். ஒன்றை எடுத்து உள்குழலில் ஸ்குரூ டிரைவரை விட்டுப் பக்கவாட்டில் நெம்பிப் பார்த்தேன். ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்க வேண்டிய விளிம்பில் மெல்லிய கோடு விழுந்தது. இந்த வகைப் புஷ்ஷின் உயிரே அந்த ஒட்டில்தான் இருக்கிறது. அச்சில் வைத்துச் சூட்டில் வேகவைக்கும்போது இரும்பும் ரப்பரும் ஒன்றாகிவிட வேண்டும். வெறுமனே திணித்துவைத்த ரப்பரை வாங்குவது கூலியை இரண்டு முறை கொடுப்பதற்கான ஏற்பாடு.

இரண்டாவது பாலியூரித்தேன். சிவப்பு, மஞ்சள் என்று பார்க்க அழகாக இருக்கும். எண்ணெய்க்கு அசையாது, சீக்கிரம் கிழியாது. கரடுமுரடான பாதையில் போட்டியாக ஓட்டுபவர்கள் விரும்புவார்கள். ஆனால் அது கடினம். வழக்கமான மவுண்டிங் ரப்பர், கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் ஐம்பது, அறுபதுகளில் இருந்தால் இவை பெரும்பாலும் எண்பதுக்கு மேல். குன்னூரில் நண்பர் ஒருவர் தன் ஜிப்சியில் இதைப் போட்டிருக்கிறார். உட்கார்ந்து பார்த்தேன். டொம் சத்தம் அடியோடு இல்லை. அதற்குப் பதிலாக ஓர் ஊளைச் சத்தம் தரை வழியாக ஏறி வருகிறது. பல ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில், சாதாரண ஓட்டத்துக்கான ஹை ரேஞ்சில் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்றுக்கு ஒன்று என்று நேராகக் கடத்திவிடும், பற்களுக்கு வேலை இருக்காது. ஜிப்சியில் ஹை ரேஞ்சுக்கும் 1.409 என்று ஒரு விகிதம் உண்டு. பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூ வீல் டிரைவில் ஊருக்குப் போனாலும் அந்தப் பற்கள் பாரத்தோடு அரைத்துக்கொண்டே இருக்கும். அந்த ஓசையை வண்டியின் உடம்புக்கு வராமல் விழுங்குவது ரப்பரின் இரண்டாவது வேலை. யூரித்தேன் முதல் வேலையை நன்றாகச் செய்கிறது, இரண்டாவதைக் கைகழுவிவிடுகிறது. நண்பர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்துச் சமாளிக்கிறார். என் வண்டியில் பாட்டுப் பெட்டி கிடையாது.

ஆகவே மூன்றாவது வழி: மாருதியின் அசல் ரப்பர். கோயம்புத்தூரில் உதிரிபாக விற்பனையாளரிடம் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் வரவில்லை. இரண்டு முதலில், ஒன்று பின்னால். மூன்றுக்கும் ஆயில் சீலுக்கும் சேர்த்து 3,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆனது. கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்தது. விளிம்பு ஒழுங்காக இருந்தது, நகத்தால் அழுத்தினால் உடனே மீண்டது, நெம்பினால் ரப்பர் இழுபட்டதே தவிர இரும்பை விடவில்லை. சந்தைச் சரக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை என்றாலும் இதில் கஞ்சத்தனம் காட்டுவதற்கு நியாயமே இல்லை.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முந்தின நாளே வரச் சொல்லி, துருப்பிடித்த நட்டுகளில் எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தார். மறுநாள் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கலாக நிறுத்தினார். ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. ஆயில் சீலுக்காகக் குட்டி ஷாஃப்டைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றும் முன், ஷாஃப்டைப் போல்ட் போட்டுச் சேர்க்கும் ஃபிளான்ஜ் தட்டின் இரண்டு பக்கமும் உளியால் ஒரே கோடாக அடையாளம் வெட்டினார். எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கோக்காவிட்டால் பேலன்ஸ் தவறிப் புதிதாக ஓர் அதிர்வு வந்து சேரும். பெரிய பட்டறைகளில் பலர் இதைச் செய்வதில்லை.

ஒரு நேரத்தில் ஒரு புஷ் மட்டும். ஒன்றை எடுத்துப் புதியதை வைத்து, போல்டைக் கையால் முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனார். மூன்றும் உட்கார்ந்த பிறகும் ஸ்பானரை எடுக்கவில்லை. ஜாக்கியை எடுத்து, சக்கரங்கள் தரையில் நிற்க, நியூட்ரலில் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். பெட்டி தன் இயல்பான இடத்தில் வந்து அமர்ந்த பிறகுதான் போல்டுகளை இறுக்கினார். தூக்கி நிறுத்திய நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் பிறக்கும்போதே முறுக்கோடு பிறக்கும். வண்டி நிற்கும்போதுகூட அதற்கு ஓய்வு கிடைக்காது. புஷ் சீக்கிரம் கிழிந்துவிட்டது என்று கம்பெனியைத் திட்டுபவர்களில் பாதிப் பேர் திட்ட வேண்டியது இறுக்கிய கையைத்தான்.

பலன்? டொம் சத்தம் போய்விட்டது. சமவெளியில் அந்த அதிர்வும் இல்லை. ஃபோர்-லோ லீவர் ஐப்பசி மழை முழுக்க ஒருமுறைகூட நழுவவில்லை. கிளட்சை விடும்போது வண்டி கிளம்பும் விதமே மாறிவிட்டது. முன்பு அரை நொடி யோசித்துவிட்டு உதைக்கும், இப்போது மிதித்ததும் நகர்கிறது. அந்த அரை நொடி பெட்டி புரளும் நேரம் என்பது மாற்றிய பிறகுதான் புரிகிறது. ஜாயின்ட் கிராஸ் எதையும் தொடவில்லை, கிரவுன் பினியனைத் திறக்கவில்லை. கூலி 1,800 ரூபாய். கோயம்புத்தூரில் சொன்ன தொகையில் கால் பங்குகூட மொத்தச் செலவு வரவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, போல்டை அளவோடு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் கிடையாது. எல்லாம் கைக்கணக்கு. அவருடைய கையை நம்பலாம். அவர் டீ குடிக்கப் போனபோது ஸ்பானரை எடுத்த பையனின் கையை நான் நம்பவில்லை. கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு வீட்டில் நானே எல்லா போல்டுகளையும் சரிபார்த்தேன். ஒன்று கால் சுற்று வாங்கியது. இரண்டாவது, நேரம். காலையில் வாருங்கள் என்றால் காலையில் தொடங்குவார் என்று பொருள் இல்லை. நடுவில் ஒரு காய்கறி லாரி வந்தால் நாம் ஓரமாக நிற்க வேண்டியதுதான். ஊட்டி, கோத்தகிரிச் சரக்கெல்லாம் இறங்கும் ஊர் என்பதால் லாரி வராமல் இருக்காது. மூன்றாவது, கழற்றிய பழைய பொருள்களைத் தருவதில்லை. கேட்டு வாங்கினேன், முகம் சுளித்துத்தான் கொடுத்தார். நான்காவது, ரசீது இல்லாததால் நாளை ஏதாவது என்றால் பேச ஆதாரம் இல்லை. பெண்கள் தனியாக வண்டி கொண்டுபோனால் காத்திருக்க ஓர் இடமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் ஜிப்சிக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புக்கும் தாராளமாகப் போகலாம். புதிய தார், ஜிம்னி என்றால் வாரண்டி இருக்கும்வரை போக வேண்டாம். அவரே திருப்பி அனுப்பிவிடுகிறார். புஷ்களையும் ஆயில் சீலையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். குட்டி ஷாஃப்டின் ஃபிளான்ஜ் போல்டுகளும் ஒரு செட் இருந்தால் நல்லது, பழையவை துருவில் முறியக்கூடும். வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்புவது உத்தமம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் பட்டறை பூட்டியிருக்கும்.